எம்.எஸ். நோயுடன் வாழ்வோர் வைத்திருக்க வேண்டிய குறிப்பேடு

நரம்பியல் மருத்துவரின் அறையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அடுத்த சந்திப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "சென்ற முறைக்குப் பிறகு எப்படி இருந்தீர்கள்?" என்று அவர் கேட்டதும், இடையில் ஒரு வாரம் வலது கண்ணில் சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்ததும், மாடிப்படியில் இடது கால் இரண்டு முறை இடறியதும் நினைவுக்கு வருவதில்லை. "பரவாயில்லை" என்ற ஒரே சொல்லில் அத்தனை மாதங்களும் கரைந்துவிடுகின்றன. மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்னும் எம்.எஸ். நோயின் பெரும்பகுதி மருத்துவரின் கண்ணுக்கு அப்பால்தான் நடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நோயாளி ஒருவரே. ஆகவே நோய் உறுதியான நாளிலேயே ஒரு தடித்த குறிப்பேடு வாங்கிவிடுங்கள் என்பதே நான் முதலில் சொல்வது. அதில் எதை எழுதுவது, எழுதியதைக் கொண்டு சிகிச்சையைப் பற்றி எப்படி முடிவெடுப்பது, நாள்தோறும் வரும் ஆய்வுச் செய்திகளை எப்படிப் படிப்பது என்பவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதல் பக்கம்

முதல் பக்கம் நோயின் அடையாளத்துக்கு உரியது. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளை மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்தியிருக்கிறது. செய்திகள் விரைந்து செல்வது அந்த உறையால்தான். எம்.எஸ். நோயில் உடலின் சொந்த நோயெதிர்ப்பு மண்டலமே அதைத் தாக்குகிறது. தாக்கிய இடத்தில் தழும்பு விழுகிறது. பாரிஸின் சல்பெட்ரியர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்க்கோ, 1868இல் இந்தத் தழும்புகளையும் நோயாளிகளின் அறிகுறிகளையும் பொருத்திப் பார்த்து, இதைத் தனியொரு நோயாக விவரித்தார். தழும்பு எங்கே விழுகிறதோ அதற்கேற்பத் துன்பம் மாறும் என்பதால், ஒருவருடைய நோய் இன்னொருவருடையதைப் போல இருப்பதில்லை. உலகில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர். பெரும்பாலோருக்கு 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் இது தெரியவருகிறது. ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு மடங்குக்கு மேல் பாதிக்கப்படுகிறார்கள்.

உங்கள் நோய் எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்கு இது விட்டுவிட்டுத் தாக்கும் வகையாகத் தொடங்குகிறது. 10 முதல் 15 சதவீதத்தினருக்குத் தொடக்கத்திலிருந்தே இடைவெளியின்றி மெல்ல வளர்கிறது. முதல் வகையினருள் பலருக்குப் பின்னாளில் அதுவும் மெல்ல வளரும் நிலையை அடைகிறது. அடுத்து, நோய் எந்த அடிப்படையில் உறுதி செய்யப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். 2001இல் உருவாகிப் பலமுறை திருத்தப்பட்ட மெக்டொனால்ட் அளவுகோல்களே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் பார்வை நரம்பையும் பாதிப்பிடங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்திருந்தால் அதன் முடிவும் இப்பக்கத்தில் இருக்கட்டும்.

பலரும் விட்டுவிடும் ஒரு கேள்வி உண்டு: அக்வாபோரின்-4 ஆண்டிபாடி, மாக் ஆண்டிபாடி (ஆண்டிபாடி என்பது நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் புரதம்) ஆகிய இரத்தப் பரிசோதனைகள் எனக்குத் தேவையா, செய்யப்பட்டனவா? எம்.எஸ். போலவே தோன்றும் வேறு இரு நோய்களை இவை காட்டிக்கொடுக்கும். அக்வாபோரின்-4 ஆண்டிபாடி உள்ளவருக்கு இண்டர்ஃபெரான், ஃபிங்கோலிமாட், நட்டாலிசுமாப் போன்ற எம்.எஸ். மருந்துகளைக் கொடுத்தால் நோய் கூடிவிடக்கூடும். இரண்டு கண்களும் ஒருசேரக் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தாலோ, தண்டுவடத்தில் மிக நீண்ட பாதிப்பு தெரிந்தாலோ இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையின் தாள் மட்டும் போதாது. படங்களையே குறுவட்டிலோ பென் டிரைவிலோ வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். படத்தில் புள்ளியாகத் தெரிவது தழும்பே; புதிய புள்ளி தோன்றியிருக்கிறதா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

நாளுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஓர் அளவு

நாளுக்கு ஒரு வரிக்கு மேல் எழுத முனையாதீர்கள். நீளமாக எழுதத் தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு, புதிதாக ஏதேனும் உண்டா என்பவை போதும். மாதம் ஒருமுறை மட்டும் ஓர் அளவு எடுக்க வேண்டும். ஆய்வாளர்கள் 25 அடி தூரத்தை, அதாவது சுமார் 7.6 மீட்டரை, பாதுகாப்பாக எவ்வளவு விரைவாக நடக்க முடிகிறது என்று விநாடிகளில் அளப்பார்கள். வீட்டிலும் அதே தூரத்தைத் தரையில் குறித்துக்கொண்டு, அதே நேரத்தில், அதே காலணியுடன் நடந்து பார்க்கலாம். விழும் அச்சம் உள்ளவர் அருகில் ஒருவரை நிறுத்திக்கொள்ளட்டும். எடுத்துக்கொள்ளும் நேரம் 20 சதவீதம் மாறினால் அதை மருத்துவர்கள் பொருட்படுத்தத்தக்க மாற்றமாகக் கருதுகிறார்கள்.

இந்த மாதாந்தர அளவை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. திடீரென வரும் தாக்குதல்களே நோயின் முழு வடிவம் என்று நீண்ட காலம் எண்ணப்பட்டது. எந்தத் தாக்குதலும் இல்லாத ஆண்டுகளிலும் சிலருக்குச் செயல்திறன் மெல்லக் குறைகிறது என்பதும், மூளைக்குள்ளேயே மைக்ரோகிளியா போன்ற நோயெதிர்ப்புச் செல்கள் கனன்றுகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம் என்பதும் இப்போது தெளிவாகியிருக்கின்றன. அந்த ஓசையற்ற சரிவை ஸ்கேன் தவறவிடக்கூடும். ஆண்டு முழுவதும் எழுதிய பன்னிரண்டு எண்களை மருத்துவர் முன் வைத்தால் அது கண்ணில் படும்.

இது மறுதாக்கமா?

மருத்துவர்கள் ரிலாப்ஸ் என்றும் வீடுகளில் அட்டாக் என்றும் சொல்லப்படும் மறுதாக்கத்துக்கு ஒரு வரையறை உண்டு: காய்ச்சலோ தொற்றோ இல்லாதபோது, புதிய அறிகுறி தோன்றியோ பழைய அறிகுறி கூடியோ, 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும், முந்தைய தாக்குதலிலிருந்து 30 நாள்களாவது கடந்திருக்க வேண்டும். சில நிமிடங்கள் வந்து மறையும் மரமரப்பையும், குனியும்போது கழுத்திலிருந்து முதுகு வழியாக மின்னல்போல் பாயும் உணர்வையும் எழுதி வையுங்கள். அவற்றைக் கண்டு இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை.

முதலில் உடல் வெப்பத்தைப் பாருங்கள். உடல் சூடேறினால் உறை இழந்த நரம்பில் செய்தி தடைப்படும். வெந்நீரில் குளித்த பிறகோ, வெயிலில் நடந்த பிறகோ, கடும் உடற்பயிற்சிக்குப் பிறகோ பார்வை மங்கலாம், கால் துவளலாம். 1890இல் ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் இதை விவரித்தார். உடல் குளிர்ந்ததும் அறிகுறி நீங்கிவிடும். இதனால் நரம்புக்குப் புதிய சேதம் ஏற்படுவதில்லை. குளிர்ந்த நீர் அருந்துதல், கழுத்தில் ஈரத்துணி, காலையிலேயே வெளிவேலைகளை முடித்தல் ஆகியவை கைகொடுக்கும்.

அடுத்துச் சிறுநீரைச் சோதியுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலே சிறுநீர்த் தொற்று இருந்து, பழைய அறிகுறிகள் அனைத்தையும் கிளப்பிவிடுவது இந்நோயில் அடிக்கடி நடப்பது. தொற்றைக் கண்டறியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். மறுதாக்கம்தான் என்று உறுதியானால், மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 1 கிராம் அளவில் 3 முதல் 5 நாள்கள் கொடுப்பது வழக்கம். அதே அளவை மாத்திரையாக எடுத்தாலும் ஊசிக்குக் குறைவில்லாத பலன் கிடைக்கிறது என்று 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. ஸ்டீராய்டு மீட்சியை விரைவுபடுத்தும். நோயின் நீண்டகாலப் போக்கை மாற்றாது. மரமரப்பு போன்ற லேசான தாக்குதலுக்கு அது தேவையில்லாமலும் போகலாம். பார்வை இழப்பும், கால் செயலிழப்பும், சிறுநீர் அடைப்பும் அப்படிக் காத்திருக்கத் தக்கவை அல்ல. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கம்

இந்நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இண்டர்ஃபெரான் பீட்டா-1பி 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2010இல் முதல் வாய்வழி மருந்தாக ஃபிங்கோலிமாட் வந்தது. 2017இல் வந்த ஓக்ரலிசுமாப், தொடக்கத்திலிருந்தே மெல்ல வளரும் வகைக்கும் பயன்படும் முதல் மருந்தாயிற்று. இன்று ஊசி, மாத்திரை, நரம்பு வழி ஏற்றுவது என இருபதுக்கும் குறையாத மருந்துகள் உள்ளன. மிதமான மருந்தில் தொடங்கி, நோய் மீறினால் படிப்படியாக வலுவான மருந்துக்குச் செல்வது பழைய முறை. வலுவான மருந்திலேயே தொடங்குவது மற்றொரு முறை. எது நல்லது என்று நேருக்கு நேர் சோதிக்கவே ட்ரீட்-எம்.எஸ்., டெலிவர்-எம்.எஸ். என்ற இரு பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன. என் கருத்தில், இளம் வயதில், தண்டுவடத்தில் புள்ளிகளுடன், குறுகிய காலத்தில் இரண்டு தாக்குதல்களைக் கண்டவர் மிதமான மருந்தில் தொடங்கும்படி சொல்லப்பட்டால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். இழந்த நரம்பிழையைத் திரும்பத் தரும் மருந்து இன்னும் கையில் இல்லை.

வலுவான மருந்து என்றால் விலை கூடியதுதான் என்று எண்ணிக் கைவிட வேண்டாம். புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் ரிட்டுக்சிமாப், நோயெதிர்ப்பு மண்டலத்தின் பி செல்கள் என்ற வெள்ளணுக்களைக் குறைப்பதன் மூலம் எம்.எஸ். நோயையும் அடக்குகிறது. ஸ்வீடனில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் மறுதாக்கம் கண்டவர்கள் ரிட்டுக்சிமாப் பிரிவில் 3 சதவீதம், டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரைப் பிரிவில் 16 சதவீதம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். நோய்க்காக கிளாட்ரிபின், கிளட்டிராமர் அசிட்டேட், ரிட்டுக்சிமாப் ஆகிய மூன்றையும் சேர்த்தது. மருந்துச் செலவுக்கு உதவி கோரும் விண்ணப்பங்களில் இந்தச் செய்தியைச் சுட்டிக்காட்டலாம்.

மருந்து தொடங்கும் முன் ஒரு பக்கத்தை இரண்டாக மடித்து, ஒருபுறம் செய்ய வேண்டிய சோதனைகளையும் மறுபுறம் முடிவுகளையும் எழுதுங்கள். பி செல்களைக் குறைக்கும் மருந்துக்கு முன் ஹெப்படைட்டிஸ் பி சோதனை கட்டாயம். காசநோய் சோதனையும், இரத்தத்தில் ஆண்டிபாடிகளின் மொத்த அளவைக் காட்டும் இம்யூனோகுளோபுலின் சோதனையும் வேண்டும். நட்டாலிசுமாப் மருந்துக்கு ஜே.சி. வைரஸ் ஆண்டிபாடியைப் பார்க்க வேண்டும். 2004இல் வந்த அம்மருந்து, அந்த வைரஸால் வரும் பி.எம்.எல். என்ற அரிய மூளைத் தொற்றுக்கு வழிவிட்டதால் 2005இல் திரும்பப் பெறப்பட்டு, கண்காணிப்பு விதிகளுடன் 2006இல் மீண்டும் வந்தது. அந்த ஆண்டிபாடி இல்லாதவருக்கு ஆபத்து மிகக் குறைவு. சின்னம்மைக்கு எதிர்ப்பாற்றல் உண்டா என்றும் முன்பே பார்த்துவிட வேண்டும். உயிருள்ள கிருமிகளால் ஆன தடுப்பூசிகளைப் பல மருந்துகள் தொடங்கிய பிறகு போட்டுக்கொள்ள முடியாது.

குழந்தை பெற விரும்புபவர் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. டெரிஃப்ளூனோமைடும் ஃபிங்கோலிமாட் வகை மருந்துகளும் கர்ப்பகாலத்துக்கு ஆகாதவை. கர்ப்பம் நோயைக் கூட்டிவிடும் என்ற பழைய அச்சத்துக்கு 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு விடை சொன்னது: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மறுதாக்கங்கள் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தன, பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடின. எனவே அந்த மூன்று மாதங்களுக்கான திட்டம் பிரசவத்துக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உடல் நன்றாக இருக்கிறதே என்று மருந்தைத் தானாக நிறுத்துவது பெருந்தவறு. நட்டாலிசுமாப், ஃபிங்கோலிமாட் ஆகியவற்றை நிறுத்தினால் நோய் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். 55 வயதைக் கடந்து, ஆண்டுக்கணக்கில் நோய் அடங்கியிருந்தவர்களிடம் மட்டும் நிறுத்திப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நிறுத்தியவர்களில் 12 சதவீதத்தினருக்கும், தொடர்ந்தவர்களில் 5 சதவீதத்துக்குச் சற்றே குறைவானவர்களுக்கும் புதிய நோய்ச்செயல் தெரிந்தது.

களைப்பும் மற்றவையும்

வெளியே தெரியாத துன்பங்களில் முதன்மையானது களைப்பு. உடனிருப்பவர்கள் அதைச் சோம்பல் என்று எண்ணும்போது நோயாளியின் மனம் உடைகிறது. குடும்பத்தினர் இதை ஒருமுறையேனும் மருத்துவர் வாயால் கேட்பது நல்லது. அமண்டடின், மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் ஆகிய மூன்றும் இதற்காகப் பரவலாகக் கொடுக்கப்பட்டுவந்தன. 141 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், மருந்தில்லாத போலி மாத்திரையைவிட இவை சிறந்தவையாக இல்லை; பக்கவிளைவுகளோ கூடுதலாக இருந்தன. பலன் தருபவை உடற்பயிற்சியும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், வேலையைப் பகுத்துச் செய்வதும். குறிப்பேட்டில் இரண்டு வாரம் களைப்பை மணிவாரியாகக் குறித்தால் தெளிவான நேரம் எது என்று தெரியும். கவனம் தேவைப்படும் வேலையை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கக்குறைவு, இரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றையும் சோதித்துவிட வேண்டும்.

மனச்சோர்வு இந்நோயில் மிகவும் பரவலானது. தண்டுவடத்தில் புள்ளி வந்தால் கால் தளர்வதைப் போலவே மூளையின் பாதிப்பால் மனமும் தளரலாம். அதற்குச் சிகிச்சை பெறுவதில் நாணத்துக்கு இடமில்லை.

சிறுநீர் அவசரத்துக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைக்காதீர்கள். அது தொற்றையும் மலச்சிக்கலையும் கொண்டுவரும். சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்பதை ஸ்கேன் மூலம் அளந்த பின்னரே மாத்திரை தொடங்க வேண்டும். தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென் எடுப்பவர் அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். புகைப்பவர் நிறுத்தினால் நோயின் வளர்ச்சி மெதுவாகும். இதற்குப் போதிய சான்று உண்டு. வைட்டமின் டி பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. குறைவாக இருப்பவர் ஈடுசெய்வது சரி, அளவு பார்க்காமல் அதிகம் எடுத்தால் கால்சியம் ஏறி ஆபத்தாகும்.

ஆய்வுச் செய்தியைப் படிக்கும் முறை

"எம்.எஸ். நோய்க்குத் தீர்வு" என்று தலைப்பிட்ட செய்தி வந்ததும், குறிப்பேட்டின் பின்பக்கத்தில் நான்கு விவரங்களை எழுதுங்கள்: எலியிலா மனிதரிலா, எத்தனை பேரிடம், எதனுடன் ஒப்பிட்டு, எதை அளந்து? நான்கும் கிடைக்காவிட்டால் அந்தச் செய்தியை அப்படியே விட்டுவிடலாம்.

இந்தக் கடுமைக்குக் காரணம் பழைய காயங்கள். 2009இல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சம்போனி, கழுத்துச் சிரைகள் குறுகியிருப்பதே நோய்க்குக் காரணம் என்றும், அவற்றை பலூன் மூலம் விரிக்கலாம் என்றும் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் கடன் வாங்கியும் நாடு கடந்தும் அதைச் செய்துகொண்டனர். 2017இல் வெளியான அவருடைய சொந்த ஆய்வே, போலிச் சிகிச்சையைவிட அது பயன் தரவில்லை என்று காட்டியது. சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை, 140 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் மூளைச் சுருக்கத்தை 43 சதவீதம் குறைத்தது. 964 பேரிடம் நடந்த அடுத்த கட்ட ஆய்வோ, ஊனம் கூடுவதை அது தடுக்கவில்லை என்று 2024இல் தெரிவித்தது. ஸ்கேனில் காணும் மாற்றமும் நடையில் காணும் மாற்றமும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் சொல்கின்றன. அதிக அளவு பயோட்டினும் 2020இல் தோல்வி கண்டது. அது தைராய்டு உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளைப் பொய்யாக்கவும் செய்கிறது. கிளெமாஸ்டின் என்ற பழைய ஒவ்வாமை மாத்திரை, 50 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில் பார்வை நரம்பின் செய்தி வேகத்தைச் சற்றே மீட்டது. அதைப் படித்துத் தாமாகவே வாங்கி விழுங்கியவர்கள் உண்டு. பின்னர் வேறோர் ஆய்வில் சிலருக்கு ஊனம் விரைந்து கூடியதால் அந்த மருந்துப் பிரிவே நிறுத்தப்பட்டது.

நம்பிக்கையுடன் தொடர வேண்டியவையும் இருக்கின்றன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுகிறது என்று காட்டியது. பெரியவர்களில் பெரும்பாலோரிடம் அந்த வைரஸ் இருந்தும் மிகச் சிலருக்கே இந்நோய் வருவதால், மரபணுவும் மற்றவையும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன; ஆயினும் தடுப்பூசியால் இந்நோயைத் தடுக்கலாம் என்ற வழி முதன்முறையாகத் திறந்திருக்கிறது. மெல்ல வளரும் நிலையில், மறுதாக்கம் நின்றுபோனவர்களுக்கு டோலிபுருட்டினிப் என்ற மாத்திரை ஊனம் கூடும் வாய்ப்பை 31 சதவீதம் குறைத்தது. சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் நடக்கும் ஆக்டோபஸ் என்ற ஆய்வு, ஒரே ஏற்பாட்டுக்குள் பல மருந்துகளைச் சோதித்து, பயனற்றதை இடையிலேயே விலக்கும் முறையில் மெட்ஃபார்மினையும் ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தையும் முதலில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

பிற செல்களை உருவாக்கும் மூலச்செல்லான ஸ்டெம் செல் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கீமோதெரபி கொடுத்து நோயெதிர்ப்பு மண்டலத்தை ஒடுக்கி, நோயாளியின் சொந்த இரத்த ஸ்டெம் செல்களைத் திரும்பச் செலுத்தும் முறைக்கு நல்ல சான்று உண்டு: 110 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், நோய் வளர்ந்தவர்கள் இச்சிகிச்சை பெற்றோரில் 3 பேர், மருந்து பெற்றோரில் 34 பேர். கடுமையான தாக்குதல்கள் உள்ள இளையோருக்கே அது பொருந்தும், ஆபத்தும் உண்டு. கீமோதெரபி எதுவுமின்றி ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குவதாகப் பணம் கேட்கும் இடங்கள் இந்த முடிவைத் தமக்கு ஆதாரமாகக் காட்டுவது ஏமாற்று.

ஆய்வில் சேர விரும்பினால்

நல்ல ஆய்வில் சேர நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பணம் கேட்டாலே விலகிவிடலாம். ஆய்வு பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா, நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்திருக்கிறதா என்று பாருங்கள். போலி மாத்திரை கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு, நோய் கூடினால் மாற்று மருந்துக்கு எப்போது மாற்றுவார்கள், தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேளுங்கள். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வு முடிந்த பின் உங்களுக்குக் கிடைத்தது மருந்தா போலி மாத்திரையா என்று தெரிவிப்பார்களா, மருந்து பயன் தந்தால் தொடர்ந்து கிடைக்குமா என்ற இரண்டையும் கையெழுத்திடும் முன் கேட்டு, சொன்னவரின் பதவியையும் தேதியையும் எழுதி, ஒப்புதல் படிவத்தின் நகலைக் குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.